ஒரு ஏக்கர் தோட்டத்தில் ஆடும் கோழியும்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

காங்கேயத்துக்கு அருகே எங்களுக்கு ஒரு ஏக்கர் தோட்டம் இருக்கிறது. வார நாட்களில் கோவையில் வேலை பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை இரவு தோட்டத்துக்கு வந்து ஞாயிறு மாலை திரும்புவோம். ஆடு வளர்க்கும் ஆசையில், எந்த முன்னேற்பாடும் இல்லாமல் ஒரு சந்தையில் 38,000 ரூபாய்க்கு ஆறு வெள்ளாடுகளை வாங்கி வந்தேன். பதினோராம் நாள் காலையில் அவற்றில் நான்கு இறந்திருந்தன. மற்ற இரண்டும் மூக்கில் சளி ஒழுக, வாயெல்லாம் புண்ணாக, கழிச்சலுடன் நின்றன. வந்து பார்த்த கால்நடை மருத்துவர், "தடுப்பூசி போட்ட ஆடா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு இரண்டு ஆண்டுகளில் கற்றுக்கொண்டதை, செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். ஐந்து பெட்டை ஆடுகளும் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழிகளும் வளர்க்க நினைப்பவர்களுக்கான கணக்கு இது. பண்ணைத் தொழிலாகச் செய்ய விரும்புவோருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

1. ஆள், தண்ணீர், வேலி

காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, வாரத்தின் ஏழு நாளும் விலங்குகளைக் கண்ணால் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் கிடைக்காதவரை ஒரு கோழிக்குஞ்சுகூட வாங்காதீர்கள். கண்காணிப்புக் கேமரா இதற்கு ஈடாகாது, ஏனெனில் நோய் கண்ட ஆடு முதலில் செய்வது மற்ற ஆடுகளோடு சேராமல் ஒதுங்கி நிற்பதுதான். அதைப் பழகிய கண்தான் கவனிக்கும். எங்களுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பட்டி வைத்திருக்கும் ஒரு ஆத்தா மாதம் 5,000 ரூபாய்க்குப் பார்த்துக்கொள்கிறார். இந்தத் தொகையைச் செலவுக் கணக்கின் முதல் வரியாக எழுதுங்கள்.

கோடையில் ஒரு வெள்ளாடு நாளுக்கு ஐந்து லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். மாடென்றால் ஐம்பது லிட்டருக்கு மேல். சித்திரை, வைகாசியில் உங்கள் கிணறோ ஆழ்துளைக் கிணறோ எவ்வளவு தண்ணீர் தருகிறது என்பதை ஒரு கோடை முழுவதும் பார்த்த பிறகு எண்ணிக்கையை முடிவு செய்வது நல்லது.

வேலியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் கிளுவை வேலி வழக்கம். அது அருமையான உயிர்வேலிதான், ஆனால் குச்சி நட்டு அடர்ந்து அடைபட மூன்று ஆண்டுகளாவது ஆகும். அதுவரை ஆடு வெளியே போவதைவிடத் தெருநாய்கள் உள்ளே வருவதே பெரிய ஆபத்து. கூட்டமாக வரும் நாய்கள் ஒரே இரவில் ஒரு பட்டியையே அழித்துவிடும். ஒரு ஏக்கர் முழுவதையும் அடைக்கப் பணம் போதாதென்றால், 25 சென்ட்டை மட்டும் ஐந்தடி உயரக் கம்பி வலையால் அடைத்து, வலையின் அடிப்பாகத்தை அரை அடி மண்ணுக்குள் புதையுங்கள். எனக்கு 420 அடிச் சுற்றளவுக்குக் கல்தூண், வலை, கூலி எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் ஆனது. ஆட்டை நாய் கடித்துவிட்டால், கையுறை அணிந்துகொண்டு காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் வெறிநோய்த் தடுப்பூசிக்குக் கொண்டுசெல்லுங்கள்.

2. ஆட்டுக்கு மூன்று மாதம் முன்பே தீவனம்

முதல் இழப்புக்குப் பிறகு அந்த ஆத்தா சொன்னது இது: "முதல்ல தழைய வளத்து கண்ணு, ஆடு தானா வரும்." வளர்ந்த ஆடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து கிலோ பசுந்தீவனம் தேவை. கோ-5 கம்பு நேப்பியர் என்ற தீவனப்புல், கரணை (தண்டுத் துண்டு) நட்டு 75 முதல் 80 நாளில் முதல் அறுப்புக்கு வரும். பிறகு ஏறத்தாழ 45 நாளுக்கு ஒரு முறை அறுக்கலாம். கரணைக்குக் கரணை ஒன்றரை முதல் இரண்டடி இடைவெளி போதும். நன்றாக நீர் பாய்ந்தால் ஒரு சென்ட்டில் நாளுக்கு நான்கு கிலோ கிடைக்கும் என்று ஏட்டில் வரும். தொடக்கக்காரர்கள் அதில் பாதியைத்தான் நம்ப வேண்டும்.

வெள்ளாடு இயல்பில் தழை கடிக்கும் விலங்கு என்பதால் புல் மட்டும் போட்டு வளர்க்க முடியாது. தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கு அகத்தி, வேலிமசால், மல்பெரி, கிளைரிசிடியா போன்ற தழையாக இருக்கட்டும். வேலியோரம் முழுவதும் இவற்றை நட்டுவிடுங்கள். சூபாபுல் மரத்தழையையும் தரலாம், ஆனால் அதிலுள்ள மைமோசின் என்ற பொருள் அளவு மீறினால் முடி உதிரச் செய்யும், ஆகவே அதையே நம்பி வளர்க்கக் கூடாது. பூ எடுக்காத இளஞ்சோளப் பயிரில், குறிப்பாக வறட்சியில் வாடி நின்ற பயிரில், சயனைடு நஞ்சு இருக்கும். பக்கத்துக் காட்டில் ஆடு அதை மேய்ந்துவிட்டால் சில நிமிடங்களிலேயே இறக்கலாம். தோட்டத்தில் அழகுக்காக வைத்த அரளியும் நஞ்சு, எனவே ஆடு எட்டும் இடத்தில் அது இருக்கவே கூடாது.

அரிசி, சோறு, இட்லி மாவு ஆகியவற்றை அன்பு மிகுதியால் வாளி வாளியாக வைப்பது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. மாவுச்சத்து திடீரென்று மிகுந்தால் வயிற்றில் அமிலம் ஏறி, ஆடோ மாடோ ஒரே நாளில் படுத்துவிடும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருந்தகங்களில் கூட்டம் நிற்பது இதனால்தான். பொங்கலை ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

3. எதை வளர்ப்பது?

கோழி முதலில், ஆறு மாதம் கழித்து ஆடு, ஓராண்டு நிறைந்த பிறகு வேண்டுமானால் மாடு. இந்த வரிசையை மாற்ற வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். கோழியில் நேரும் தவறு சில நூறு ரூபாயோடு போகும். மாட்டில் நேரும் தவறு அரை லட்சத்தைத் தாண்டும்.

கோழியில் சிறுவிடை என்னும் நாட்டுக்கோழி வகை சிறந்தது. ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைதான் இடும். ஆனால் தானே அடைகாத்து, 21 நாளில் பொரித்து, குஞ்சுகளைப் பருந்திடமிருந்தும் காத்துக்கொள்ளும். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும்.

வெள்ளாட்டில் உங்கள் மாவட்டத்து இனத்தையே தேடுங்கள். மேற்கு மாவட்டங்களில் சேலம் கருப்பு. தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கம் முகத்தில் வெள்ளைக் கோடுகள் ஓடும் கன்னி ஆடு, உயரமான கொடி ஆடு. இரட்டைக் குட்டி ஈனுவதற்குப் பெயர் பெற்ற தலைச்சேரி ஆடு மேய்ச்சலுக்கு விடாமல் கொட்டகையிலேயே தீனி போட்டு வளர்க்கும் கொட்டில் முறைக்கு நன்றாக ஒத்துவரும். கொறங்காடு போன்ற மேய்ச்சல் நிலம் இருந்தால் மேச்சேரி செம்மறியே வெள்ளாட்டைவிட எளிது. அது மரத்தைக் கடித்து அழிக்காது. போயர், சிரோகி, ஜமுனாபாரி என்று படங்களைப் பார்த்து முதல் ஆண்டிலேயே பெரிய விலை கொடுத்துவிடாதீர்கள். வேறு வெயிலுக்கும் வேறு தீவனத்துக்கும் பழகிய அந்த ஆடுகளைத் தேற்றி எடுப்பதற்கு அனுபவம் வேண்டும்.

மாடு என்றால் காங்கேயமா கலப்பினமா என்ற கேள்வி வரும். காங்கேயம் நாளுக்கு இரண்டு லிட்டர் அளவில் கறக்கும், நோய் குறைவு, காய்ந்த தீவனத்தையும் தின்று தாங்கும். வீட்டுப் பாலுக்கு அது போதும். எட்டுப் பத்து லிட்டர் கறக்கும் கலப்பின மாடு நேரம் தவறாமல் இரு வேளைக் கறவையையும், தானியம், புண்ணாக்கு, தவிடு சேர்ந்த அடர்தீவனத்தை நிறையவும், மடிநோய்க் கண்காணிப்பையும் கேட்கும். வார இறுதியில் மட்டும் வருபவர்களுக்கு அது ஆகாது.

மயில், கிளி, கௌதாரி, முயலில் காட்டு முயல் ஆகியவற்றை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. "குஞ்சு தருகிறோம், வளர்த்துக் கொடுத்தால் நாங்களே திரும்ப வாங்கிக்கொள்வோம்" என்று வரும் எந்தத் திட்டத்திலும் பணம் போடாதீர்கள். கொங்குப் பகுதியில் 2012 வாக்கில் ஈமு கோழியில் பணம் இழந்தவர்கள் எத்தனை பேர் என்று எங்கள் ஊர்க்காரர்களைக் கேட்டால் தெரியும்.

4. கொட்டகை

நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். வளர்ந்த ஆட்டுக்குப் பத்து முதல் பன்னிரண்டு சதுர அடி, கிடாவுக்கு இருபது, குட்டிக்கு ஐந்து. ஐந்து ஆட்டுக்கும் அதன் குட்டிகளுக்குமாக 150 சதுர அடி போதுமானது. தரையிலிருந்து உயர்த்திச் சட்டம் அடித்த பரண் கட்டினால் சட்டங்களுக்கிடையே இடைவெளி ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். குட்டியின் கால் இறங்கி ஒடிந்துவிடும். எனக்குப் பழைய இரும்புக் குழாய்களைக் கொண்டு 70,000 ரூபாயில் முடிந்தது. பரணைவிட முக்கியம், இருபதடி தள்ளி ஒரு சிறிய தனிக்கொட்டகை. அதன் பயன் ஆறாம் படியில் வருகிறது.

5. வாங்குதல்

பருவம்: தை, மாசியில் வாங்குங்கள். மழையும் சளியும் ஓய்ந்திருக்கும், ஆவணியில் நட்ட தீவனமும் தயாராக இருக்கும். பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்களில் விலை ஏறிவிடும். சித்திரையில் மலிவாகக் கிடைக்கும். விற்பவருக்குத் தீவனம் இல்லாததுதான் காரணம், உங்களுக்கும் இருக்காது.

இடம்: சந்தையில் வாங்காதீர்கள். எட்டயபுரம் சனிச் சந்தை, அய்யலூர் வியாழன் சந்தை போன்ற இடங்களுக்கு ஒரு முறை போய் விலையையும் இனங்களையும் பார்த்து வருவது நல்ல படிப்பு. ஆனால் பத்து ஊர்களின் ஆடுகள் ஒரே இடத்தில் மூச்சு விட்டு நிற்கும்போது, அங்கிருந்து வரும் ஆடு எதைக் கொண்டுவருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. எடை கூட்டிக் காட்டத் தண்ணீரை வாய் வழியே ஊற்றி வயிற்றை நிரப்பும் பழக்கமும் உண்டு. இருபது முப்பது ஆடு வைத்திருக்கும் ஒரு பட்டிக்காரரைத் தேடிப் பிடித்து, அவர் இடத்துக்கே போய், தாயையும் குட்டியையும் சேர்த்துப் பார்த்து வாங்குங்கள். விலை கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகத் தோன்றினாலும் அதுவே மலிவு. நான் இரண்டாம் முறை வாங்கிய ஐந்து பெட்டைகள், ஒன்று 7,500 ரூபாய் வீதம், ஐந்தும் இன்றுவரை இருக்கின்றன.

பார்க்க வேண்டியவை: கீழுதட்டை விரலால் கீழே இழுத்துப் பல்லைப் பாருங்கள். எட்டும் சிறிய பால் பற்களாக இருந்தால் ஆட்டுக்கு ஒரு வயதுக்குள். நடுவில் இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால் ஒரு வயது முதல் ஒன்றரை. நான்கு என்றால் இரண்டு வயது அளவு. எட்டும் பெரிதாகிவிட்டால் நான்கு வயதை நெருங்கியது அல்லது தாண்டியது. புதியவர்கள் இரண்டு பல் ஆட்டை எடுப்பது சரி. பிறகு கட்டைவிரலால் மேலிமையை மெல்ல அழுத்தி, கீழிமையைப் புரட்டுங்கள். உள்பக்கம் மாதுளை முத்துப் போலச் சிவந்திருந்தால் நல்ல இரத்த ஓட்டம். வெளிறிய இளஞ்சிவப்பானால் குடற்புழு. வெள்ளைத்தாள் போலிருந்தால் அந்த ஆட்டை அங்கேயே விட்டுவிடுங்கள். வாலைத் தூக்கிப் பார்த்து, பின்புறம் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். மடியில் இரண்டு காம்பும் சமமாக, கட்டியில்லாமல் இருக்க வேண்டும். கடைசியாக, இருபதடி நடக்கவிட்டுக் காலைப் பாருங்கள்.

கறவை மாட்டுக்கு இன்னொரு எச்சரிக்கை. விற்பவர்கள் முதல் நாள் கறக்காமல் மடி கட்டி நிறுத்தியிருப்பார்கள். மாலையில் ஒரு முறை நீங்களே இருந்து கறந்து, மறுநாள் காலையில் மீண்டும் போய்க் கறந்து, இரண்டையும் கூட்டி விலை பேசுங்கள். இரு வேளை பார்க்க ஒப்பாதவரிடம் வாங்க வேண்டாம்.

கையில் வாங்க வேண்டிய காகிதங்கள் மூன்று: விற்றவர் பெயர், எண்ணிக்கை, தொகை எழுதிய கையொப்ப ரசீது; தடுப்பூசி போட்ட தேதி; காதில் மாட்டும் அடையாள வில்லை இருந்தால் அதன் பன்னிரண்டு இலக்க எண். தொலைவிலிருந்து ஏற்றி வருவதென்றால் உள்ளூர்க் கால்நடை மருத்துவரிடம் பயணத் தகுதிச் சான்றும் வேண்டும். அது இல்லாமல் வழியில் நிறுத்தப்பட்டால், வெயிலில் நிற்கும் ஆடுகளுக்குத்தான் துன்பம்.

6. வந்திறங்கிய பிறகு இருபத்தொரு நாள்

என் முதல் ஆடுகளுக்கு இந்தப் படியை நான் செய்யவே இல்லை. புதிய ஆடுகளைத் தனிக்கொட்டகையில் 21 நாள் வையுங்கள். வீட்டு ஆடுகளைப் பார்த்து முடித்த பிறகே இவற்றைப் பார்க்கப் போக வேண்டும். தொட்டி, வாளி, கயிறு எல்லாம் தனி. முதல் நாள் அடர்தீவனம் வேண்டாம், தண்ணீரும் பழைய இடத்தில் தின்ற அதே வகைத் தீவனமும் போதும். ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக உங்கள் தீவனத்துக்கு மாற்றுங்கள். மூன்றாம் நாள், நன்றாகத் தின்று அசைபோடும் நிலைக்கு வந்ததும், எடை பார்த்து மருத்துவர் சொல்லும் அளவில் குடற்புழு மருந்து கொடுங்கள். ஒரு வாரம் கழித்துத் தடுப்பூசி. காய்ச்சலோ சளியோ உள்ள ஆட்டுக்கு ஊசி போடச் சொல்லிக் கேட்காதீர்கள்.

7. தடுப்பூசி

இதை ஒரு சுவர் நாட்காட்டியில் எழுதி மாட்டுங்கள். வெள்ளாட்டுக்கு மூன்று இருந்தால் பெரும்பகுதி காப்பு கிடைக்கும். பி.பி.ஆர். எனப்படும் ஆட்டுக்கொல்லி நோய்க்கு மூன்று நான்கு மாத வயதில் ஒன்று, பிறகு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை. துள்ளுமாரி நோய்க்கு ஆண்டுதோறும் மழைக்கு முன், வைகாசி வாக்கில். முதல் முறை போடும் குட்டிக்கு இரண்டு மூன்று வாரத்தில் மறு ஊசி. கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. அரசுக் கால்நடை மருந்தகத்தில் இவை முகாம்களாகவே நடக்கும், ஆகவே முகாம் தேதியை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். முகாம் அன்று ஆடுகளைக் காலையிலேயே கட்டி வைக்க வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் சொல்லிவிடுங்கள். என் ஆடுகள் ஒரு முகாமை மேய்ச்சலுக்குப் போனதால் தவறவிட்டன.

கோழியைக் கூட்டம் கூட்டமாகக் கொல்வது இராணிக்கெட் என்னும் வெள்ளைக்கழிச்சல். ஏழாம் நாளில் கண்ணில் ஒரு சொட்டு, 28ஆம் நாளில் மீண்டும் லசோட்டா என்னும் தடுப்பு மருந்து, எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசி. இந்த மருந்தைப் பனிக்கட்டி வைத்த குடுவையில் கொண்டுவந்து, கலந்த இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். வெயிலில் பைக்கில் தொங்கவிட்டு எடுத்து வந்த மருந்து வெறும் தண்ணீருக்குச் சமம். நூறு கோழிக்கான புட்டிதான் கிடைக்கும் என்பதால், பக்கத்துத் தோட்டக்காரர்களையும் சேர்த்து ஒரே நாளில் போட்டுவிடுங்கள். உங்கள் கோழிக்கும் அது பாதுகாப்பு.

8. ஈற்று

ஆட்டின் சினைக்காலம் 150 நாள். பெட்டை 20 கிலோவைத் தாண்டாமல் கிடாவோடு சேர்க்காதீர்கள். ஐந்து ஆட்டுக்காகச் சொந்தக் கிடா வைத்துத் தீனி போடத் தேவையில்லை. நோயில்லாத பட்டியிலிருந்து கிடாவை இரவல் வாங்கிக்கொள்ளலாம். குட்டி விழுந்ததும் மூக்கைத் துடைத்து, தொப்புள்கொடியில் அயோடின் தடவி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வையுங்கள். முதல் நாளில் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே போக வேண்டும். நஞ்சுக்கொடி விழாவிட்டால் கையால் இழுக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை 1962 என்ற எண்ணில் அழைக்கலாம்.

9. காது வில்லை, காப்பீடு, மானியம்

காது வில்லை மருந்தகத்தில் போடப்படுகிறது. ஆதார், கைப்பேசி எண் கொடுத்தால் அந்தப் பன்னிரண்டு இலக்க எண்ணோடு உங்கள் பெயர் பதிவாகும். இதுவே காப்பீட்டுக்கும் அடிப்படை. மத்திய அரசின் தேசியக் கால்நடை இயக்கத்தின் காப்பீட்டில் 2024ஆம் ஆண்டு மாற்றத்துக்குப் பிறகு பிரீமியத்தில் 15 சதவீதம் மட்டுமே வளர்ப்பவர் பங்கு. ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல், வில்லை தெரியும்படி ஆட்டின் படம், மருத்துவர் தரும் நலச்சான்றும் மதிப்புச் சான்றும் தேவை. ஒதுக்கீடு தீர்ந்துவிட்டால் காத்திருக்க வேண்டும் என்பதால், ஆடு வந்த வாரத்திலேயே மருந்தகத்தில் பெயர் கொடுத்து வையுங்கள்.

மானியம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்டு வருபவர்களைப் பற்றி ஒரு தகவல் தெரிந்திருந்தால் போதும். அதே இயக்கத்தின் 50 சதவீத மூலதன மானியம் ஆட்டில் குறைந்தது 100 பெட்டையும் 5 கிடாவும் கொண்ட பண்ணைக்குத்தான். ஐந்து ஆட்டுக்காரருக்கு அதில் இடமில்லை. உங்களுக்கு உண்மையாகவே பயன்படுவது கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மாவட்டப் பயிற்சி மையங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் நடத்தும் ஒரு நாள் பயிற்சிதான். ஆடு வாங்குவதற்கு முன்பே அதில் உட்கார்ந்திருந்தால் என் 38,000 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

10. கணக்கு

எனக்கு ஆன தொடக்கச் செலவு: வேலி 60,000, கொட்டகை 70,000, தீவனம் நறுக்கும் இயந்திரம் 22,000, ஆடுகள் 37,500, கோழிகள் 5,500, மொத்தம் 1,95,000 ரூபாய். முதலில் வாங்கிய ஆறு ஆடுகளின் விலை இதில் இல்லை. மாதச் செலவு கூலியோடு சேர்த்து 8,000 ரூபாய். முதல் ஓராண்டில் ஐந்து குட்டிகளை விற்றதில் 32,500 ரூபாய் வந்தது. எருவும் முட்டையும் பாலும் வீட்டுக்கு ஆயின. ஆனால் கூலியைக்கூட ஆடுகள் ஈட்டவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன். மாதம் ஐந்தாறாயிரம் கையிலிருந்து போவதைத் தாங்க முடிந்தால் மட்டும் தொடங்குங்கள், அல்லது எல்லாவற்றையும் நீங்களே செய்யத் தோட்டத்திலேயே தங்குங்கள்.

11. ஒரு விலங்கு இறந்துவிட்டால்

துயரத்தில் உடனே புதைத்துவிடத் தோன்றும். காப்பீடு இருந்தால் புதைக்கும் முன் நிறுவனத்துக்கும் மருத்துவருக்கும் தகவல் சொல்லி, வில்லையோடு படம் எடுத்து, பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்க வேண்டும். வில்லை இல்லையென்றால் இழப்பீடு இல்லை. ஆகவே வில்லை அறுந்து விழுந்த அன்றைக்கே மாற்று வில்லை போட்டு நிறுவனத்துக்கு எழுதித் தெரிவிக்கவும். பெரும்பாலான பாலிசிகளில் முதல் 15 நாளுக்குள் நோயால் இறந்தால் பணம் கிடைக்காது என்பதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். காப்பீடு இல்லாவிட்டாலும் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள், மீதி ஆடுகளைக் காப்பதற்கு அதுவே வழி. குழி ஆறடி ஆழமாக, கிணற்றிலிருந்து தொலைவில் இருக்கட்டும். மேலும் கீழும் சுண்ணாம்பு தூவுங்கள். அந்த ஆடு நின்ற இடத்துத் தழையையும் புழுக்கையையும் கூட்டி எரித்து, தரையையும் தொட்டியையும் சுண்ணாம்பு நீரால் கழுவி, இரண்டு வாரம் வெயில் படும்படி காலியாக விடுங்கள்.